எபிசோட் 37: கராஜ் சேல் – ஒரு வீடு எப்போது கடையாகிறது?

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கிவிட்டு, பேச்சுநடையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ரொம்பச் சின்ன ஒரு சட்டத்தைப் பற்றியது. சின்னதுன்னா, பெரும்பாலான ஊர்களில் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும்.

அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் உங்க வீட்டுப் பழைய சாமான்களை வாசலில் வைத்து விற்க நகராட்சியிடம் பெர்மிட் வாங்கணும். ஒரே வீட்டில் 12 மாதத்துக்குள் 2 முறைக்கு மேல் விற்கக் கூடாது. ஒரு முறை ஆரம்பித்தால் தொடர்ந்து 3 நாளுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி விற்பதற்காகவே வாங்கிய சரக்கை அங்கே வைக்கக் கூடாது. சட்டப் புத்தகத்தில் இதற்கு 'எப்போதாவது நடக்கும் விற்பனை' என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. மக்கள் வாயில் கராஜ் சேல்.

கராஜ் சேல் பார்த்ததே இல்லை என்பவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிடறேன். சனிக்கிழமை காலையில் கார் நிறுத்தும் கராஜின் கதவைத் தூக்கி விட்டு, மடக்கு மேஜைகளைப் போட்டு, வீட்டில் வேண்டாத பொருள் எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வொன்றிலும் விலை எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, தெருமுனையில் ஒரு அட்டை போர்டு வைப்பார்கள். புல்வெளியில் பரப்பினால் யார்டு சேல். ஊரைக் காலி செய்யும்போது நடத்தினால் மூவிங் சேல். வீட்டில் ஒருவர் இறந்த பிறகு மொத்த வீட்டுச் சாமானையும் விற்றால் எஸ்டேட் சேல்.

இப்போ கேள்விக்கு வருவோம். நம்ம பொருள், நம்ம வீடு, நம்ம வாசல். இதில் நகராட்சி ஏன் விரல் விட்டு எண்ணுகிறது? நம்ம ஊர்த் தெருவில் முன்னறையில் மளிகைக் கடை இருக்கும், திண்ணையில் காலையில் இட்லி விற்பார்கள், மாடியில் தையல் மெஷின் ஓடும். வருஷத்துக்கு எத்தனை நாள் என்று யாரும் கணக்கு எடுப்பதில்லை. அமெரிக்காவில் மட்டும் இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது?

நான் வேலை பார்ப்பது சாஃப்ட்வேரில். அதனால் இதை முதலில் படித்தபோதே, இது ரேட் லிமிட் ஆச்சே என்று தோன்றியது. ஒரு சர்வருக்கு வரும் கோரிக்கைகளில் எது நல்லது, எது கெட்டது என்று உள்ளே புகுந்து பார்க்க நேரமில்லை என்றால் என்ன செய்வோம்? எண்ணுவோம். நிமிடத்துக்கு இத்தனை தாண்டினால் தடு. கராஜ் சேல் விதியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு வீடு எந்தக் கட்டத்தில் கடையாக மாறுகிறது என்று சட்டத்தால் வரையறுத்துச் சொல்ல முடியவில்லை. அதனால் எண்ணுகிறது. இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் கிட்டத்தட்ட 100 வருஷக் கதை இருக்கு.

கப்பலில் இருந்து சர்ச்சுக்கு

கராஜ் சேலுக்கு முன்பு ரம்மேஜ் சேல் இருந்தது. அந்தச் சொல் கப்பலில் இருந்து வந்தது. கப்பலின் அடித்தளத்தில் சரக்கை அடுக்குவதைக் குறித்த பிரெஞ்சுச் சொல் அதன் மூலம். துறைமுகத்தில் யாரும் உரிமை கோராத, சேதமான சரக்கை விற்றுத் தீர்ப்பதுதான் முதலில் ரம்மேஜ் சேல். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதே பெயரை சர்ச்சுகளும் தர்ம காரியக் குழுக்களும் எடுத்துக்கொண்டன. வசதியான வீடுகளில் இருந்து பழையதை வாங்கி, சர்ச் மண்டபத்தில் வைத்து விற்று, வந்த பணத்தை நல்ல காரியத்துக்குக் கொடுத்தார்கள்.

இந்தக் கட்டத்தில் ஒன்றைக் கவனிங்க. பழைய பொருளுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் ஒரு நிறுவனம் இருந்தது. 1902இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் தொடங்கிய குட்வில் இன்றும் அப்படித்தான் இயங்குகிறது. நீங்க பொருளைத் தானமாகக் கொடுப்பீங்க, அவங்க விற்பாங்க. தன் வீட்டுச் சாமானைத் தானே வாசலில் நின்று விற்று, காசைத் தன் பையிலேயே போட்டுக்கொள்வது பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அதற்குள் 'வீட்டு வாசல்' என்பதே அமெரிக்கச் சட்டத்தில் வேறு பொருளுக்கு மாறியிருந்தது.

யூக்ளிட் என்ற ஊர்

கணக்கில் படித்த யூக்ளிட் இல்லை. ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஊர். 1922இல் அந்த ஊர் தன் நிலம் முழுவதையும் வகைபிரித்து ஒரு சட்டம் போட்டது. இந்தப் பகுதியில் தனி வீடு மட்டும், இந்தப் பகுதியில் இரட்டை வீடு, அடுக்குமாடி இங்கே, கடை அங்கே, தொழிற்சாலை இன்னும் தள்ளி. இதுதான் ஸோனிங். நியூயார்க் நகரம் 1916லேயே செய்திருந்தது. யூக்ளிடில் 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்லர் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம், இதனால் தன் நிலத்தின் மதிப்பு விழுகிறது என்று வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1926இல் 6–3 என்ற கணக்கில் ஊர் ஜெயித்தது.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட். அவர் சொன்ன காரணம் புரிந்துகொள்ள எளிது. ஒரு பொருள் தன்னளவில் சரியானதாகவே இருக்கலாம், தப்பான இடத்தில் இருந்தால் தொல்லையாகிவிடும். தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறையில் இருந்தால் எப்படி, அப்படி. தனி வீடுகள் இருக்கும் பகுதிக்குள் வரும் அடுக்குமாடிக் கட்டடத்தையே அவர் ஒட்டுண்ணி என்ற அளவில் பேசினார். அப்போ கடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஸோனிங் நாடு முழுக்கப் பரவியது. வீடு ஒரு நிறம், கடை ஒரு நிறம் என்று ஊர் வரைபடங்களில் வண்ணம் அடித்தார்கள். சில விதிவிலக்குகளை மட்டும் விட்டுவைத்தார்கள். வீட்டிலேயே நோயாளியைப் பார்க்கும் டாக்டர், தையல்காரர், பியானோ டீச்சர் இவர்களெல்லாம் 'வீட்டுக்குத் துணையான பயன்பாடு' என்ற கணக்கில் தப்பித்தார்கள்.

வாசலுக்கு வந்து விற்பவர்களையும் இதே காலத்தில் தடுக்க ஆரம்பித்தார்கள். 1931இல் வயோமிங் மாநிலத்தின் கிரீன் ரிவர் என்ற ஊர், வீட்டுக்காரர் கூப்பிடாமல் விற்பனையாளர் கதவைத் தட்டக் கூடாது என்று சட்டம் போட்டது. வீடுவீடாகப் போய் பிரஷ் விற்ற ஃபுல்லர் பிரஷ் கம்பெனி எதிர்த்துப் பார்த்துத் தோற்றது. இன்றும் அந்த மாதிரிச் சட்டத்துக்கு அந்த ஊர் பெயர்தான். மொத்தத்தில், வீடு இருக்கும் தெருவில் காசு கைமாறக் கூடாது என்பது ஒரு ஒழுக்கமாகவே ஆனது.

எழுத்தில் இல்லாத சொல்

இதற்கு முந்தைய ஒரு வழக்கையும் சொல்லியாகணும். சான் பிரான்சிஸ்கோவில் 1880இல் ஒரு நகரச் சட்டம் வந்தது. மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த நகர மேற்பார்வைக் குழுவின் அனுமதி வேணும். தீ அபாயம் என்று காரணம். படித்தால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஊரில் இருந்த சுமார் 320 சலவைக் கடைகளில் 240 சீனர்களுடையவை. அனுமதி கேட்ட 200க்கும் மேற்பட்ட சீனர்களுக்கு மறுத்தார்கள். சீனர் அல்லாத சுமார் 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கொடுத்தார்கள். சட்டத்தின் எழுத்தில் 'சீனர்' என்ற சொல்லே கிடையாது.

1886இல் யிக் வோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. எழுத்தில் நடுநிலையாக இருக்கும் சட்டத்தையும் பாரபட்சமாக அமல்படுத்தினால் செல்லாது என்று சொன்ன தீர்ப்பு அது. ஊர் அளவில் ஒரு பெர்மிட் விதியைப் பார்க்கும்போது அதில் என்ன எழுதியிருக்கு என்பதோடு, யார் மேல் பாய்கிறது என்றும் கேட்கணும். இந்தக் கேள்வியைக் கையிலேயே வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

புல்வெளியும் கராஜும்

போர் முடிந்தது. 1947இல் நியூயார்க்குக்கு வெளியே லாங் ஐலண்டில் லெவிட் கம்பெனி லெவிட்டவுன் கட்ட ஆரம்பித்து, 1951க்குள் 17,447 வீடுகளைக் கட்டி முடித்தது. முன்னாள் ராணுவத்தினருக்கு அரசு உத்தரவாதத்துடன் கடன் கிடைத்தது. வீட்டோடு விதிகளும் வந்தன. வேலி போடக் கூடாது. வாராவாரம் புல் வெட்டணும். துணி காயப்போட வார இறுதியில் அனுமதி இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்ற பிரிவும் ஒப்பந்தத்தில் இருந்தது.

துணி காயப்போடுவதற்கே விதி இருந்த தெருவில், மேஜை போட்டுப் பழைய பாத்திரம் விற்பதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்க.

ஆனால் பொருள் சேர்ந்துகொண்டே இருந்தது. லெவிட்டவுனின் முதல் வீடுகளில் கராஜே கிடையாது. அடுத்தடுத்த வருடங்களில் கட்டப்பட்ட புறநகர் வீடுகளில் வீட்டோடு ஒட்டிய கராஜ் சாதாரணமானது. கார் நிற்க வேண்டிய இடத்தில் சைக்கிள், தொட்டில், பழைய டிவி, கிறிஸ்துமஸ் மரம் என்று நிரம்பியது. பழைய பொருளுக்கு வீட்டிலேயே ஒரு கிடங்கு, வாங்க வருபவர்களிடம் கார். இரண்டும் சேர்ந்தால் கராஜ் சேல் தானாக வந்துவிடும். வந்தது. ஒரு தலைமுறைக்குள் அது அமெரிக்க சனிக்கிழமையின் ஒரு பகுதியாகிவிட்டது.

கூடவே புகாரும் வந்தது. தெருவில் கார் நிறுத்த இடமில்லை, விடியற்காலையிலேயே வியாபாரிகள் கதவைத் தட்டுகிறார்கள், போர்டுகளை யாரும் எடுப்பதில்லை, அந்த வீட்டில் வாராவாரம் 'கராஜ் சேல்' நடக்கிறது. இதில் கடைசிப் புகார்தான் ஸோனிங்கை நேராகத் தொடுகிறது. வாராவாரம் நடந்தால் அது கடை. கடை என்றால் அந்த நிறத்தில் இருக்கக் கூடாது. 1970களில் ஊர் ஊராக கராஜ் சேல் சட்டங்கள் எழுதப்பட்டன.

காப்பி, பேஸ்ட்

இந்தச் சட்டங்களை வரிசையாக எடுத்துப் படித்தால் நம்ம ஆட்களுக்குச் சிரிப்பு வரும். நிறைய ஊர்களில் ஒரே வாசகம். ஒரு ரெபாசிட்டரியில் இருந்து எல்லோரும் இழுத்த மாதிரி. வீட்டு மனையில் பொதுமக்களுக்குத் திறந்து நடத்தும் எந்த விற்பனையும் கராஜ் சேல்தான் என்று ஆரம்பித்து, நீங்க அதைக் கராஜ் என்று சொன்னாலும் சரி, புல்வெளி, முற்றம், பரண், தாழ்வாரம், கொல்லை என்று எந்தப் பெயர் வைத்தாலும் சரி என்று ஒரு பட்டியலே போடுகிறது. பெயரை மாற்றித் தப்பிப்பவனை முன்கூட்டியே பிடிக்கும் கோட் இது.

அடுத்து ஒரு விதிவிலக்கு. ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லி விளம்பரம் கொடுத்து விற்கிறீங்க, மொத்தம் 5 பொருளுக்கு மேல் இல்லை என்றால் அது கராஜ் சேலே இல்லை. சோபா ஒன்று, சைக்கிள் ஒன்று என்று பேப்பரில் வரி விளம்பரம் கொடுத்தவர்களுக்காக எழுதியது. 6ஆவது பொருளில் நீங்க கராஜ் சேல் நடத்துபவர் ஆகிவிடுறீங்க.

இந்த வாசகத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கு. எந்தப் பொருளை விற்கலாம் என்று சொல்லும் பிரிவு. ஒரு வீட்டில் வாழ்ந்து, அதைப் பராமரிக்கும் சாதாரணப் போக்கில் சேர்ந்த பொருளாக இருக்கணும், விற்பதற்காக வாங்கியதோ கமிஷனுக்கு வந்ததோ கூடாது என்கிறது. அலுப்பான ஒரு நகராட்சிச் சட்டத்துக்குள், வாழ்ந்த போக்கில் சேர்ந்தது எது என்று ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கு.

மானுடவியல் ஆய்வாளர் கிரெட்சன் ஹெர்மன் நியூயார்க் மாநிலத்தின் இதாகா பக்கத்தில் பல வருடங்கள் கராஜ் சேல்களை ஆராய்ந்தவர். 1997இல் வந்த அவருடைய கட்டுரை இந்தக் கேள்வியையே இன்னொரு பக்கத்தில் இருந்து பார்க்கிறது. கராஜ் சேலில் கைமாறுவது சரக்கா, பரிசா? குழந்தையின் சட்டையை ஒரு இளம் தாய்க்கு விலை குறைத்துக் கொடுப்பவர், பொருளின் கதையைச் சொல்லி அனுப்புபவர், இவர்கள் கடைக்காரர் மாதிரி நடந்துகொள்வதில்லை. பாதி விற்பனை, பாதி கொடை. சட்டம் சொல்லத் தடுமாறுவதும் இதைத்தான். இந்த வித்தியாசம் விற்பவரின் மனசில் இருக்கு. நகராட்சி ஊழியர் மனசைப் பார்க்க முடியாது. காலண்டரைப் பார்க்கலாம். அதனால்தான் வருஷத்துக்கு 2, ஒரு முறைக்கு 3 நாள்.

வரித் துறையும் இதே வழியில்தான் போனது. கலிஃபோர்னியாவில் 12 மாதத்தில் 2 கராஜ் சேல் வரை விற்பனை வரிக்குப் பதிவு தேவையில்லை, 3ஆவது நடத்தினால் நீங்க வியாபாரி. டெக்சாஸ் நாளை எண்ணாமல் பணத்தை எண்ணுகிறது. தன் சொந்தப் பொருளை விற்கும் தனிநபருக்கு வருஷத்துக்கு 3,000 டாலர் வரை விலக்கு.

விற்கும் உரிமை எங்கே இருக்கு?

நம்ம பொருளை நாம விற்கலாம் என்பதே ஒரு சட்ட உரிமை என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு பதிப்பகம் தன் நாவலை 1 டாலருக்குக் குறைவாக விற்கக் கூடாது என்று புத்தகத்திலேயே அச்சடித்தது. மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. முதல் விற்பனையோடு பதிப்பகத்தின் பிடி முடிந்தது என்று 1908இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதன் இரண்டாம் பாகம் நம்ம ஆட்களுக்கு நெருக்கமானது. எஞ்சினியரிங் படித்தவங்க எல்லோருக்கும் அந்தப் புத்தகங்கள் ஞாபகம் இருக்கும். மலிவான காகிதம், அட்டையில் 'இந்தியாவிலும் சில அண்டை நாடுகளிலும் மட்டும் விற்பனைக்கு' என்று ஒரு வரி. தாய்லாந்தில் இருந்து கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த சுபாப் கிர்ட்சேங், இப்படிப்பட்ட மலிவுப் பதிப்புகளைத் தன் ஊரில் குடும்பத்தினரை வாங்கி அனுப்பச் சொல்லி அமெரிக்காவில் விற்றார். பதிப்பகம் வழக்குப் போட்டது, கீழ்க் கோர்ட்டில் 6,00,000 டாலர் அபராதம். கார்னெல் இருப்பதும் அதே இதாகாவில்தான்.

அந்த வழக்கு நடந்தபோது, வெளிநாட்டில் தயாரான எதையும் இனி கராஜ் சேலில் விற்க முடியாமல் போகுமா என்று பத்திரிகைகள் கேட்டன. 2013இல் உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் கிர்ட்சேங் பக்கம் தீர்ப்புக் கொடுத்தது. எந்த நாட்டில் தயாரானாலும் வாங்கியவர் விற்கலாம். ஆக, விற்கும் உரிமை நாட்டுச் சட்டத்தில் பத்திரமாக இருக்கு. எங்கே, எத்தனை தடவை என்பதுதான் ஊர் கையில் இருக்கு.

ஒரு விதியை மட்டும் நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். பாதுகாப்புக் காரணமாகத் திரும்பப் பெறப்பட்ட பொருளை விற்பது 2008இல் வந்த சட்டத்தின்படி குற்றம், அது பழைய பொருளுக்கும் பொருந்தும். பக்கவாட்டுக் கம்பி இறங்கும் குழந்தைக் கட்டில்களை எடுத்துக்கோங்க. 2000க்குப் பிறகு குறைந்தது 32 குழந்தைகளின் மரணத்தோடு தொடர்புடையவை அவை. 2011 ஜூன் 28 முதல் அவற்றின் விற்பனையும் மறுவிற்பனையும் தடை. பரணில் இருந்து இறக்கி 20 டாலர் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன் மாடல் எண்ணைப் பார்த்துடுங்க.

தெருமுனை போர்டு

கராஜ் சேல் விதியில் பாதி போர்டைப் பற்றித்தான் இருக்கும். மின்கம்பத்தில் ஒட்டக் கூடாது, இவ்வளவு அளவுக்கு மேல் கூடாது, முடிந்ததும் எடுக்கணும். கம்பத்தில் ஒட்டுவதைத் தடுக்க ஊருக்கு உரிமை உண்டு என்று லாஸ் ஏஞ்சலஸ் வழக்கில் 1984இல் தீர்ப்பு வந்துவிட்டது.

ஆனால் வீட்டு வாசல் போர்டின் கதை வேறு. நியூ ஜெர்சியில் வில்லிங்பரோ என்று ஒரு ஊர். இதுவும் லெவிட் கட்டியதுதான், சில வருடங்கள் இதன் பெயரே லெவிட்டவுன். இங்கேயும் கறுப்பினத்தவருக்கு வீடு விற்க லெவிட் மறுத்து, கோர்ட்டில் தோற்றபிறகு வழிவிட்டார். 1970களில் வெள்ளையர்கள் வீட்டை விற்று வெளியேற ஆரம்பித்தார்கள். பீதி பரவக் கூடாது என்று ஊர் நிர்வாகம் 'வீடு விற்பனைக்கு' போர்டையே தடை செய்தது. நோக்கம் நல்லது, இனக் கலப்பு நீடிக்கணும் என்பது. ஆனாலும் 1977இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எழுதியவர் தர்குட் மார்ஷல், இனப் பாகுபாட்டை எதிர்த்து வாழ்நாளெல்லாம் வாதாடியவர். மக்கள் உண்மையான தகவலைத் தெரிந்துகொள்வதை, அவர்கள் தப்பாக முடிவெடுப்பார்கள் என்ற பயத்தில் தடுக்க முடியாது என்பது அவர் வாதம்.

2015இல் அரிசோனாவின் கில்பர்ட் ஊர் வழக்கில் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரு சின்ன சர்ச் தன் ஆராதனைக்கு வழிகாட்டும் போர்டு வைத்தது. அரசியல் போர்டுக்கு ஒரு அளவு, கொள்கை போர்டுக்கு ஒரு அளவு, வழிகாட்டும் போர்டுக்கு மட்டும் மிகக் கடுமையான நேரக் கட்டுப்பாடு. போர்டைப் படித்துப் பார்த்தால்தான் எந்த விதி பொருந்தும் என்று தெரியும் என்றால், அது பேச்சின் உள்ளடக்கத்தை வைத்துப் பாகுபடுத்துவது, செல்லாது என்றது கோர்ட். பல ஊர்ச் சட்டங்களில் 'கராஜ் சேல் போர்டு' என்று தனி வகையே இருந்தது. அதாவது போர்டில் இருக்கும் சொல்லைப் பார்த்து ஓடும் ஒரு இஃப் கண்டிஷன். ஊர்கள் எல்லாம் தங்கள் போர்டு விதிகளைத் திரும்ப எழுதத் தொடங்கின.

எல்லா ஊரும் கராஜ் சேலைத் தொல்லையாகப் பார்த்தது என்று நினைக்காதீங்க. 1987இல் டென்னசியின் ஃபென்ட்ரஸ் கவுண்டி நிர்வாகத் தலைவர் மைக் வாக்கர், பெரிய ஹைவேயில் போகும் பயணிகளைத் தங்கள் பக்கம் இழுக்க 127ஆம் சாலை ஓரமாக ஒரு யார்டு சேலைத் தொடங்கினார். இன்று அது மிச்சிகனில் இருந்து அலபாமா வரை 6 மாநிலங்களில் 690 மைல் நீளம், ஒவ்வொரு ஆகஸ்டும் 4 நாள். கடை குறைந்த கிராமப்புறத்துக்கு வாசல் வியாபாரம் வருமானம். வீட்டு விலையைக் காக்கும் புறநகருக்கு அதுவே தொல்லை.

60 நாள்

இப்போ நமக்கு நெருக்கமான இடத்துக்கு வர்றேன். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். இந்த விதி 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் வேறு வேலை, வேறு விசா, இல்லையென்றால் கிளம்பணும். 2022 கடைசியில் இருந்து டெக் கம்பெனிகள் ஆட்களைக் குறைத்தபோது, இந்த 60 நாள் எத்தனை வீடுகளில் ஓடியது என்று நம்ம கேட்பவர்கள் பலருக்கும் தெரியும்.

எங்க வாட்ஸ்அப் குழுவில் வரும் மூவிங் சேல் ஷீட்டுகளைத் திறந்து பார்த்திருக்கேன். வரிசையாக வெட் கிரைண்டர், சாப்பாட்டு மேஜை, மெத்தை, குழந்தையின் சைக்கிள், கொலுப்படி. பக்கத்தில் விலை. அடுத்த பத்தியில் 'எந்தத் தேதி வரை எங்களுக்குத் தேவை' என்று இருக்கும். மெத்தைக்கு நேராகக் கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் போட்டிருக்கும். வாழ்ந்த போக்கில் சேர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பட்டியல் வேண்டுமா?

ஆனால் சட்டம் எழுதப்பட்டது சொந்த வாசல் இருப்பவர்களுக்காக. இந்தக் குடும்பங்களில் நிறைய பேர் அபார்ட்மென்டில் இருக்கிறார்கள். புல்வெளி அவர்களுடையது இல்லை, கராஜ் இல்லை, பொது இடத்தில் விற்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தமே சொல்லும். தனி வீடு வாங்கியவர்களுக்கும் ஊர்ச் சட்டத்துக்கு மேல் குடியிருப்போர் சங்கத்தின் விதி இருக்கும். சங்கம் சொல்லும் வார இறுதியில் மட்டும் எல்லோரும் சேர்ந்து நடத்தலாம் என்பது சாதாரணம். வேலை போகும் நாள் அந்தக் காலண்டரைப் பார்த்து வருவதில்லை.

அதனால் விற்பனை போனுக்குள் போய்விட்டது. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் வந்தது 2016இல். அங்கே எண்ணும் வேலையை ஊருக்குப் பதில் தளமும் வரித் துறையும் செய்கின்றன. தளங்கள் வழியாக 600 டாலருக்கு மேல் பணம் வாங்கினாலே வரித் துறைக்குத் தகவல் போகணும் என்று 2021இல் சட்டம் வந்தது, அமலாக்கம் தள்ளிக்கொண்டே போனது, 2025இல் பழைய வரம்பான 20,000 டாலர், 200 பரிவர்த்தனை என்பதற்கே திரும்பினார்கள். 800 டாலருக்கு வாங்கிய சோபாவை 150க்கு விற்றவருக்கு லாபமே இல்லை, வருமான வரியும் கிடையாது. ஆனாலும் அந்த 600 டாலர் விதி பலரைப் பயமுறுத்தியது. எண்ணிக்கையில் உள்ள சிக்கல் இதுதான். எவ்வளவு என்று கேட்கும், ஏன் என்று கேட்காது.

என் கருத்து

எண்ணிக்கை விதி மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். யிக் வோ வழக்கை நினைத்துப் பாருங்க. 'இவருக்குக் கொடுக்கலாம், அவருக்கு வேண்டாம்' என்று ஒரு குழு முகத்தைப் பார்த்து முடிவெடுப்பதைவிட, எல்லோருக்கும் வருஷத்துக்கு 2 என்பது மேல். காலண்டருக்கு முகம் தெரியாது.

ஆனால் இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் புகார் வந்தால்தான் அமலாகும். யாரும் தெருத்தெருவாகப் போய் எண்ணுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்யணும். அப்போ முகம் திரும்ப உள்ளே வந்துவிடுகிறது. தெருவுக்குப் பழக்கமான குடும்பம் 3ஆவது முறை மேஜை போட்டால் 'பாவம், வீடு மாறுறாங்க'. புதுசாக வந்த, வேறு மொழி பேசும் குடும்பம் போட்டால் 'இவங்க வியாபாரம் பண்றாங்க'. விதி ஒன்றுதான், போன் செய்யும் கைதான் வேறு.

என்னிடம் கேட்டால் ஒரு திருத்தம் போதும். வீடு மாறுவது, வீட்டில் ஒரு மரணம், வேலை போவது, இந்த மூன்றும் ஆண்டுக் கணக்கில் சேரக் கூடாது. 'எந்தப் பெயர் வைத்தாலும் கராஜ் சேல்தான்' என்ற அந்தப் பட்டியல் வரியில் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். பரணைச் சுத்தம் செய்பவருக்கும், ஒரு வாழ்க்கையை 60 நாளில் கலைப்பவருக்கும் ஒரே கவுண்டர். ரேட் லிமிட் எழுதும் யாரிடமும் கேளுங்க, அவசரக் கோரிக்கைக்குத் தனி வழி வைப்பது முதல் பாடம்.

நீங்க அமெரிக்காவில் இருந்தால் உங்க ஊர்ச் சட்டத்தை ஒரு தடவை எடுத்துப் படியுங்க. ஐந்து நிமிஷம்தான் ஆகும். 5 பொருள் விதிவிலக்கு இருக்கா, எஸ்டேட் சேல், மூவிங் சேல் தனியாக இருக்கா என்று பார்த்து எனக்கு எழுதுங்க. திருத்தம் வேணும்னா, கூட்டம் பெரும்பாலும் மாதம் இரண்டு முறை நடக்கும், பொதுமக்கள் எழுந்து பேச நேரமும் கொடுப்பார்கள். நம்ம ஆட்கள் அங்கே போய்ப் பேசுவது ரொம்பக் குறைவு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.